கழற்றி வைத்த சப்பாத்து

“கம் இன்,” என்றாள் பெற்றீசியா. தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அப்பாவின் கம்பளியைக் கோட்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, என் தங்கை துரையாகியிருந்தாள். நான் எங்கள் லயத்து வீட்டின் கதவடியிலிருந்து நான்கு அடி நடந்து, குட் மார்னிங் சேர் சொல்லி, அவள் சொன்ன பிறகே இல்லாத கதிரையில் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை கம்பெனித் துரையைப் பார்க்கப் போவதற்கான ஒத்திகை இது, எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ. சிரிப்பு வரவேண்டிய காட்சிதான். எனக்கு வரவில்லை.

“எந்த ஊருன்னு துரை கேட்டா?”

“கண்டி டவுன்.”

“ஹந்தானைத் தோட்டம்னு வாயில வந்துச்சு, அவ்வளவுதாண்ணே. லயத்து ஆள எவன் கந்தோர் மேசையில வைப்பான்?”

அது தேயிலை விலை விழுந்துகிடந்த காலம். பாதிரியார் பள்ளிக்கூடத்து இங்கிலிஷை வைத்துக்கொண்டு ஏற்கெனவே மூன்று கந்தோர்களில் எழுத்தர் வேலை கேட்டு ஏறி இறங்கியிருந்தேன். “இதுவும் இல்லேன்னா திங்கக்கெழம தோட்டத்துல பேரு பதிஞ்சிருவோம் மனுவேலு,” என்று அப்பா கோபமில்லாமல்தான் சொன்னார். பேர் பதிந்தால் விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் வரிசையில், அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு எந்தக் கந்தோரும் கிடையாது. பயமாக இருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். மரத்துப்போன காலைத் தடவிப் பார்ப்பது போலிருந்தது.

டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் அலவத்துகொட றவூப் நானா தன் கலியாணச் சப்பாத்தை இரவல் தந்தார். “கொஞ்சம் பெருசுதான் தம்பி. உள்ளுக்குக் காகிதத்த அடச்சிக்கோங்க. சப்பாத்தப் பாத்துத்தான் ஆள மதிப்பாங்க.” காலுறை இல்லாமல் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, கம்பெனிக் கந்தோரின் தலைமை எழுத்தர் முத்துலிங்கம் முதலில் ஒரு கடிதம் எழுதவைத்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிதர், இலேசில் பாராட்டாத முகம். “எழுத்து வடிவாயிருக்கு. இனித் துரையைப் பாரும்,” என்றார்.

நான்கு அடி. குட் மார்னிங் சேர். சொன்ன பிறகே உட்கார்ந்தேன். கேள்விகளெல்லாம் பெற்றீசியா கேட்டவைதான். பதில்கள் தாமாக வந்தன. கடைசியில் ஊரைக் கேட்டார். “கண்டி டவுன், சேர்.”

துரை என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். கம்பளத்தின் மேல் என் இரண்டு வெறும் கால்கள், வெடிப்பில் செம்மண்ணோடு. சப்பாத்து கதவுக்கு வெளியே ஒழுங்காக, சோடியாக இருந்தது. எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. ஐந்து வயதிலிருந்து அப்பாவோடு தோட்டத்துத் துரையின் பங்களாப் படிக்குப் போகும்போதெல்லாம் காலில் கிடப்பதைக் கழற்றுவதுதானே முதல் வேலை.

“எந்தத் தோட்டம்?” என்றார் துரை, தமிழில்.

நான் எழுந்து நின்றுகொண்டேன். “ஹந்தானைங்க.”

வெளியே சிறிது நேரம் காக்கவைத்தார்கள். பிறகு முத்துலிங்கம் வந்தார். “உம்மை எடுக்கச் சொல்லித்தான் எழுதி வச்சனான். துரை வேண்டாமெண்டிட்டார்.” சப்பாத்தைப் பார்த்தார். “ஏன் காணும் கழட்டினனீர்?”

அந்த ஒரு கேள்வியை மட்டும் பெற்றீசியா கேட்டிருக்கவில்லை. குனிந்து அதை மாட்டிக்கொண்டேன். வெட்கமாவது வந்திருக்கலாம்.

மலை ஏறி வீட்டுக்கு வரும்வரை கழற்றவில்லை. காகிதம் கசங்கி விரல்களுக்குள் புகுந்துவிட்டது. எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் அப்போதுதான் சாணம் மெழுகியிருந்தார்கள். கதவோரம் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பெற்றீசியாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“கம் இன்!”

நான் சப்பாத்துக் காலோடு உள்ளே போனேன். நான்கு அடி. அவள் சிரிப்பு மூன்றாவது அடியில் நின்றுவிட்டது. ஈரத் தரையில் றவூப் நானாவின் சப்பாத்து ஆழமாகப் பதிந்திருந்தது.

அப்பா அந்தத் தடங்களைப் பார்த்தார். நீட்டியிருந்த வெறும் காலை மெல்ல மடக்கி, எனக்கு வழிவிட்டார்.