கழுத்துவரை டீசல்

உமாசுதனுக்கு டீசல் கள்ளன் என்று பெயர் வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. பெரிய பங்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கதையின் நடுவில் என்னை நல்லவன் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

என் பெயர் கொன்ஸ்ரன்ரைன். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கிறேன். டீசல் வாகனங்கள் மட்டும்தான் எடுப்பேன். இருபத்திரண்டு வருடமாக, வாகனத்தின் அடிப்பக்கம் பார்க்கும் ஒரே குழிக்குள் இறங்கி ஏறுகிறேன். கனகேஸ்வரி அக்கா வெள்ளவத்தையில் சமையல் ஓடர் எடுப்பவர். கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி, எதுவானாலும் அவருடைய அண்டாக்கள் ஒரு பழைய டீசல் கெப்பில்தான் ஏறும். முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் திறந்த பெட்டி. அதை ஆறு வருடம் ஓட்டியவன் உமாசுதன்.

அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம் பெற்றோல் செட்டில் மூன்று நாள் வரிசையில் நின்றும் டீசல் கிடைக்காமல், ஒரு கலியாணவீட்டுச் சாப்பாடு வெள்ளவத்தையை விட்டே கிளம்பவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் தாங்கியைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். வரிசைகள் மறைந்து எவ்வளவோ காலம் ஆகியும் சட்டம் மறையவில்லை. பம்ப் தானாக நின்ற பிறகு உமாசுதன் கெப்பைப் பிடித்து ஆட்டுவான். உள்ளே சிக்கிய காற்று வெளியே வந்ததும் இன்னும் மூன்று லீற்றர் இறங்கும். செட்காரர்கள் சிரிப்பார்கள். அவனுக்கு அதெல்லாம் பழகிவிட்டது.

அதே சட்டத்தின் மறுபக்கம், நிறைந்த தாங்கியோடு வாகனத்தை ஒரு கராஜிலும் விடக்கூடாது. இது அக்காவின் தனிக் குணம் என்று சொல்ல மாட்டேன். தட்டுப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் டீசல் அளவு முள் கீழே இறங்கும் வரை காத்திருந்துதான் வருகிறார்கள். கராஜ்காரன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சென்ற சித்திரை முடிந்து கொஞ்ச நாளில், ஒரு புதன்கிழமை உமாசுதன் கெப்பைக் கொண்டுவந்தான். கழுவித் துடைத்து, அடிச் சட்டம் வரை தண்ணீர் அடித்துக் கொண்டுவந்திருந்தான். சாப்பாடு ஏறும் வாகனம், அழுக்காக எங்கும் கொண்டுபோக மாட்டான். முள் கால்வாசிக்கும் கீழே நின்றது.

"அண்ணை, நாலைஞ்சு கிழமையா டீசல் குறையுது," என்றான். "முந்தி வியாழனுக்கு அடிச்சா மற்ற வியாழன் மட்டும் காணும். இப்ப ரெண்டு நாளில முள்ளு விழுகுது. ஓடேக்க மணக்குது. நிப்பாட்டினா ஒண்டுமில்லை. கீழ படுத்துப் பாத்தனான், ஒரு சொட்டுமில்லை."

"அக்கா என்ன சொல்லுறா?"

"அவ ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

நான் முறைப்படிதான் பார்த்தேன். டீசல் கசிந்தால் எல்லாப் பக்கமும் பரவி, எங்கிருந்து தொடங்கியது என்று காட்டாது. அதனால் வடிகட்டி, பம்ப், இன்ஜெக்டர் குழாய்கள், தாங்கிக்குப் போகிற வருகிற ஹோஸ்கள் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, குழந்தைப் பிள்ளைக்குப் போடும் பவுடரைத் தூவினேன். எங்கே ஈரம் பட்டாலும் வெள்ளை கறுக்கும். எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டேன். இரவு முழுக்கக் கீழே கடதாசி மட்டை விரித்து வைத்தேன். காலையில் மட்டை சுத்தமாக இருந்தது. பவுடர் போட்டபடியே இருந்தது.

அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"லீக் ஒண்டுமில்லை அக்கா."

"வடிவாப் பாத்தியளா?"

"ரெண்டு நாளாப் பாத்தனான்."

"அப்ப டீசல் எங்க போகுது?"

இந்த இடத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு மெக்கானிக்கின் வாயில் அந்தச் சொல் லேசில் வராது. "டீசலுக்குக் கால் முளைக்குமே அக்கா?" என்று சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை உமாசுதனிடம் கெப்பின் திறப்பை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சத்தம் போடவில்லை, பொலிசுக்குப் போகவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாராம். ஆனால் வெள்ளவத்தையில் ஒரு டிரைவரை வேலைக்கு எடுக்கிறவர்கள் அவன் முதல் நின்ற இடத்தில் விசாரிக்காமல் எடுப்பதில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்காரர் விசாரித்தபோது, "நல்ல பெடியன், ஆனா..." என்று அக்கா இழுத்தாராம். அந்த 'ஆனா' போதும். என் காதுக்கும் வந்தது. வருத்தமாக இருந்தது. அடுத்த வாகனத்துக்குக் கீழே போய்விட்டேன்.

மூன்று கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை அதே கெப் என் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பிரியந்தன், அக்காவின் தங்கை மகன். வங்கியில் வேலை. லீவு நாளில் பெரியம்மாவுக்கு டிரைவர் வேலை பார்ப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஹெந்தளையில் முதல் நாள் நடந்த கலியாணவீட்டிலிருந்து வெறும் அண்டாக்களை ஏற்றப் போய்க்கொண்டிருந்தான். மூன்று கிழமையாக வியாழன்களில் செட்டுக்குப் போக மறந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடித்து ஓட்டியவன், அன்று காலைதான் முதல்முறையாகச் சட்டப்படி கழுத்துவரை அடித்திருக்கிறான்.

"அங்கிள், தாங்கேலாமல் மணக்குது. சாப்பாடு ஏத்தின நேரம் இப்பிடி மணந்தா பெரியம்மா என்னை உரிச்சுப்போடுவா."

குழிக்கு மேல் ஏற்றச் சொன்னேன். பிரியந்தன் மூன்று கிழமையாகக் கெப்புக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றவில்லை. கீழ்ப்பக்கமெல்லாம் காய்ந்த புழுதி. ரோச் லைட்டைத் தாங்கிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் இடுக்குக்குள் அடித்தேன். மற்ற எல்லா இடமும் மண்ணிறம். தாங்கியின் மேல்பக்கம் மட்டும் கறுப்பாக, ஈரச் சேறாக மினுங்கியது. விரலை விட்டு மணந்து பார்த்தேன். டீசல்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஓட்டை தாங்கியின் உச்சியில் இருக்கிறது. கழுத்துவரை நிரம்பினால்தான் டீசல் அங்கே எட்டும். ஓடும்போது, குலுங்கும்போது வெளியே தெறித்து, காற்றோடு வீதிக்குப் போகும். மட்டம் இறங்கியதும் நின்றுவிடும். முள் கால்வாசியில் நிற்கிற வாகனத்தை இரண்டு நாள் இல்லை, இரண்டு மாதம் வைத்துப் பார்த்தாலும் மட்டை சுத்தமாகத்தான் இருக்கும். மேலே ஒட்டியிருந்த கொஞ்ச அடையாளத்தையும் உமாசுதன் தானே கழுவிக்கொண்டு வந்திருந்தான்.

கைப்பம்பால் டீசலைக் கலன்களுக்கு மாற்றினேன். தாங்கிப் பட்டிகளைக் கழற்றி, தூக்கும் ஜக்கை அடியில் கொடுத்துத் தாங்கியை மெல்ல இறக்கினேன். மேலே ஒரு கோப்பைத் தட்டு அளவில் மூடி. டீசல் அளவைக் காட்டும் மிதவை அதற்குக் கீழேதான் தொங்கும். ஆறு திருகாணி, மூடிக்கு அடியில் ஒரு றப்பர் வளையம். வளையத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பசை, விளிம்பு விளிம்பாக உரிந்து கிடந்தது.

அது நான் போட்ட பசை.

தட்டுப்பாட்டுக் காலத்து ஆடி மாதம். அக்கா எங்கோ கலனில் வாங்கிய டீசலில் தண்ணீர் கலந்திருந்து, எஞ்சின் இருமியது. தாங்கியை இறக்கிக் கழுவினேன். திரும்பப் பூட்டும்போது பார்த்தால் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் முழுக்கத் தேடியும் புதியது இல்லை. பழைய வளையத்திலேயே சிலிக்கன் பசையைப் பூசி மூடினேன். அந்தப் பசை டீசலுக்கு நாள்பட நிற்காது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற உமாசுதனிடம், "புதுசு வந்தவுடன மாத்துவம்" என்றேன். அடுத்த வருடமே புதியது வந்தது. நான் மறந்துவிட்டேன்.

"என்ன அங்கிள் பிழை?" என்று மேலிருந்து பிரியந்தன் கேட்டான்.

"றப்பர் பழசாப் போச்சு," என்றேன். பொய் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் சுகம். பழைய வாகனம், பழைய றப்பர், யார்மேலும் குற்றமில்லை. குழிக்குள் நின்றபடி அதைக் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. பிறகு அந்த 'கால் முளைக்குமே' ஞாபகம் வந்தது. என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஓட்டோ ஒன்றை அனுப்பிப் புது வளையம் எடுப்பித்தேன். பசையை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் சுரண்டி, வளையத்தை வைத்து, திருகாணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். தாங்கியை ஏற்றி, எடுத்த டீசல் முழுவதையும் ஊற்றினேன். உமாசுதன் செய்வதுபோலக் கெப்பைப் பிடித்து ஆட்டி, கழுத்துவரை. இடுக்குக்குள் கையை விட்டு மூடியைச் சுற்றிப் பவுடர் போட்டு, கோயில் பக்க ஏற்றத்தில் மூன்று தரம் ஏற்றி இறக்கினேன். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. நிரப்பி ஓட்டிப் பார்க்கும் இந்த அரைமணி நேர வேலையை அன்றைக்குச் செய்திருக்க வேண்டும்.

பிரியந்தன் அண்டாக்களை ஏற்றித் திரும்பும்போது நானும் ஏறிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். அக்கா சமையல் கொட்டிலில் புளி கரைத்துக்கொண்டு நின்றார்.

"நான் போட்ட பசை அக்கா," என்றேன். "அது விட்டுப்போச்சு. உமாசுதன் ஒரு சொட்டும் எடுக்கேல்லை."

"அண்டைக்கு லீக் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னியள்?"

"தாங்கி வத்திக் கிடந்தது. நிரப்பிப் பாத்திருக்க வேணும். பாக்கேல்லை. பிழை என்னில."

அக்கா புளிச் சட்டியைத் தள்ளி வைத்தார். "நிரப்பிக் கராஜில விடக்கூடாதெண்டு அவனுக்குச் சொன்னது நான்," என்றார். கையைத் துடைத்துப் போனை எடுத்தார். மூன்று தரம் அடித்தார். மூன்று தரமும் மணி அடித்து நின்றது. "என்ர கோல் எடுக்கமாட்டான். நீங்கள் சொல்லுங்கோ தம்பி. நாளைக்கே வரட்டும்."

உமாசுதன் வீடு என் கராஜிலிருந்து பத்து நிமிட நடை, ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடி. மூன்று கிழமையில் ஒருநாளும் அந்தப் பக்கம் போகாதவன் நான். அவன் கீழே யாருடையதோ ஓட்டோ ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தான். பசை, வளையம், வற்றிய தாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையிலிருந்த துணியைப் பிழிந்து பிழிந்து, தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தான்.

"மணக்குதெண்டு சொன்னனான்தானே அண்ணை?"

"ஓம். சொன்னனீ."

"கெப்புக்குக் கீழ படுத்துப் பாத்ததில என்ர உடுப்பு, சேட்டெல்லாம் டீசல் மணம். வேலை போன அண்டு மனுசி சாம்பவி அந்தச் சேட்டை எடுத்து மணந்து பாத்தவ. நான்தான் எடுத்தனானெண்டு நினைச்சிட்டா. அண்டையில இருந்து சேட்டைக் கதவுக்கு வெளிய தொங்கவிடுறா." துணியை ஓட்டோவின் மேல் போட்டான். "அக்கா நம்பாட்டி வேற இடம் பாக்கலாம். மேல வாங்கோ. எனக்குச் சொன்னதைச் சாம்பவிக்கும் சொல்லுங்கோ."

படியேறினோம். கதவுக்கு வெளியே ஆணியில் நீலச் சேட் ஒன்று தொங்கியது. அவனுடைய மனைவி சாம்பவி கதவைப் பாதி திறந்தபடி நின்று கேட்டாள். நடைபாதையில் ஆட்கள் போய்வந்ததால் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தது. நான் முடிக்கும் வரை அவள் உமாசுதன் பக்கம் திரும்பவில்லை. முடித்ததும் கதவைச் சுவரில் முட்டும் வரை முழுக்கத் திறந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள். "பக்கத்து வீட்டில பிறிஜெற் அக்கா நிக்கிறா. இவர் டீசல் எடுத்தவரெண்டு அவவிட்டச் சொன்னது நான்தான்."

சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கதவு திறந்தது. அதற்கு அடுத்ததும் திறந்தது. முதலிலிருந்து இன்னொருமுறை சொன்னேன்.