டாங்கிக்கு அடித்த வார்னிஷ்

சிவகாசியில் டாங்கி செய்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். எங்கள் அச்சகத்துக்குக் காகித லோடு இறக்க வரும் வேலுச்சாமி அண்ணன் கேட்டார். பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ராஜபாண்டியன் மாமாவும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டாங்கியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிரீத்திகா, இதுக்குத் திரி எங்கன இருக்கு?"

திரி கிடையாது. இது வெடிக்காது, ஓடாது, புகை விடாது. நம் ராணுவத்தில் இருக்கும் நிஜமான டி-72 டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாதிரி, அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தால் சட்டங்களில் தொற்றிக்கொண்டு முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, பிசிர் போகத் தேய்த்து, ஒட்ட வேண்டும். ஒட்டுவது பசை அல்ல. இரண்டு விளிம்புகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடும் ஒரு திரவம். கோணலாக ஒட்டிவிட்டால் கோணல்தான். இருபுறமும் ஓடும் இரும்புப் பட்டைக்கு மட்டும், ஒரு பக்கத்துக்குத் தொண்ணூற்றாறு கண்ணிகளைக் கோத்தேன். இத்தனையையும் நான் விளக்கி முடித்ததும் மாமா கேட்டார்: "அப்போ எதுக்குத்தான் இது?"

எட்டு மாதமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

உண்மையான பதில் வேறு. போன வருடம் நான் செய்த டாங்கியின் படத்தை இந்த மாதிரிகள் செய்பவர்களின் குழுவில் போட்டிருந்தேன். சென்னைக்காரர் ஒருவர் ஒரே வரி எழுதினார்: 'அழகான பொம்மை.' அந்தக் குழு சென்னையில் நடத்தும் கண்காட்சி வரும் சனிக்கிழமை. இந்த முறை பொம்மை என்று யாரும் சொல்லக்கூடாது.

பொம்மைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், அழுக்குதான். முதலில் பச்சை அடித்து, அதன்மேல் மணல் நிறத்தில் திட்டுகள் போட்டேன். பிறகு பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் தொட்டு வைத்தால், அது தானாக இடுக்குகளுக்குள் ஓடி நிழல்போல நின்றுவிடும். புகைபோக்கிக்குத் துரு. அடிப்பகுதிக்கு ராஜஸ்தான் மணலின் நிறத்தில் மாவு போன்ற சாயப்பொடி. எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக, மினுமினுப்பே இல்லாத மேட் வார்னிஷ். ஓர் அடி தூரத்திலிருந்து இதைப் பார்ப்பது, முப்பத்தைந்து அடி தள்ளி நின்று நிஜ டாங்கியைப் பார்ப்பதற்குச் சமம். புழுதி படிந்த வண்டி அத்தனை தூரத்தில் பளபளக்காது. பளபளத்தால் கண் உடனே 'பிளாஸ்டிக்' என்று கண்டுபிடித்துவிடும்.

அந்தக் கடைசிக் கோட்டு மட்டும்தான் பாக்கி. தூசி இல்லாத இடம் வேண்டும் என்பதால், புதன்கிழமை சாயங்காலம் டாங்கியை அச்சகத்தின் வார்னிஷ் அறையில் வைத்துவிட்டு, அங்கே வேலை பார்க்கும் முனியராஜ் அண்ணனிடம் கதவைச் சாத்தி வைக்கும்படி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இருபத்திரண்டு வருடமாக வார்னிஷ் பிரிவில் இருப்பவர் அவர். ஆடி பிறந்துவிட்டால் அடுத்த வருடக் காலண்டர் சீசன். முருகன், லட்சுமி, பிள்ளையார் என்று வரிசையாக அவர் கைக்கு வருவார்கள். மங்கலாக உள்ளே வரும் தாள் அவர் அறையை விட்டு மங்கலாக வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தேன். மேசைமேல் என் டாங்கி, மழையில் நனைந்த எருமை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீகளா பாப்பா? பாருங்க," என்றார் முனியராஜ் அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு கோட்டு. ஸ்ப்ரே கன்ல லேசா அடிச்சேன். ஒரு சொட்டு வடியலயே!"

"அண்ணே... மணல் எங்கண்ணே?"

"எது, அந்தப் புழுதியா? அடிச்சதும் அமுங்கிருச்சு. நல்லதாப் போச்சு."

சாயப்பொடி உலர்ந்திருக்கும்வரைதான் வெளுப்பு. பளபள வார்னிஷ் அதற்குள் ஊறினால், நனைந்த மண் கறுப்பதுபோல நிறம் இறங்கிக் காணாமல் போய்விடும். இதை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்காமல் டாங்கியைத் திருப்பிப் பார்த்தேன்.

"புகைபோக்கில துரு இருந்துச்சே?"

"ஆமா, நீங்க கவனிக்கல போல. உங்க டப்பாவுலயே பச்சை மிச்சம் கெடந்துச்சு, தொட்டு ஒப்பேத்திட்டேன்."

"அது நான் வச்ச துருண்ணே! மூணு நாளு வச்சேன்!"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "புது வண்டிக்குத் துருவ நீங்களே வைப்பீகளா?"

சத்தம் கேட்டு அப்பா வந்தார். டாங்கியை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பினார். லட்சுமிகாந்தம் அண்ணாச்சி என்றால் தாளைத் தடவியே எடை சொல்லிவிடுவார் என்று ஊரில் பேர்.

"நல்லாத்தானத்தா இருக்கு. இப்பத்தான் பாக்க ஒரு பொருளாத் தெரியுது. நேத்து வரைக்கும் குப்பையில எடுத்தது மாதிரில்ல இருந்துச்சு."

"அப்படித்தான்ப்பா இருக்கணும்!"

"அழுக்கா இருக்கணும்னா நம்ம பைக்கக் கொண்டுபோ," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ரயில் வெள்ளிக்கிழமை சாயங்காலம். வார்னிஷைச் சுரண்டினால் அடியிலுள்ள வண்ணமும் கூடவே வரும். மேலே மேட் அடித்து மூடுவது ஒன்றுதான் வழி. என் பாட்டிலில் மிச்சமிருந்தது ஒரு கோட்டுக்குத்தான் காணும். அண்ணன் அடித்திருந்த கனத்துக்கு மூன்று வேண்டும். புதிது வாங்கலாம் என்றால், தீப்பற்றும் சரக்கை அனுப்ப மாட்டோம் என்று கூரியர்காரர்கள் கையை விரிப்பார்கள். மேசையோரம் உட்கார்ந்துவிட்டேன். நான் அழப்போகிறேன் என்று அண்ணன் நினைத்திருக்க வேண்டும்.

"மேட்டுதான வேணும்? அத மொதல்லயே சொல்லக் கூடாதா? ஸ்வீட் பெட்டிக்கு அடிக்கிற தண்ணி மேட்டு கெடக்கே, பத்து லிட்டரு."

அதைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை என்பதில் இன்னும் எரிச்சல் வந்தது.

வெட்டிப்போட்ட பிளாஸ்டிக் சட்டத்தில் அடித்துப் பார்த்தோம். காய்ந்ததும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. மேட் வார்னிஷுக்குள் மிக நுண்ணிய மணல்தூள் இருக்கிறது. அதுதான் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்து மினுமினுப்பைக் கொல்கிறது. அந்தத் தூள் கனமானது, டப்பாவின் அடியில் போய்ப் படிந்துவிடும்.

"மேலாக் கலக்குனீங்க, அடியில இருக்கது கட்டிகட்டியா வந்துருச்சு," என்றார் அண்ணன். என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கி, அடியைச் சுரண்டிச் சுரண்டி கால் மணி நேரம் கலக்கினார். துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு நீர்க்க வைத்தார். அடுத்த சட்டம் ஸ்லேட்டுப் பலகை மாதிரி மங்கலாக வந்தது.

"நான் அடிக்கட்டுமா?"

"தொடாதீங்க!"

"சரி, சரி. அடிக்கும்போது கன்ன நிப்பாட்டாம ஓட்டுங்க."

மூன்று கோட்டு நான்தான் அடித்தேன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் அவர் சும்மா இருக்க மாட்டாமல் மூக்கை டாங்கியில் ஒட்டுவதுபோலக் குனிந்தார்.

"பாப்பா, இந்தப் பொடிப்பொடிக் கண்ணாடிக்கும் மேட்டுதானா? டிரைவரு வெளிய பாக்கிற கண்ணாடிதான இது? கண்ணாடி மின்னணும்ல."

சரிதான். எட்டு மாதத்தில் நான் யோசிக்காதது. மூன்றாவது கோட்டு காய்ந்ததும், குச்சி முனையில் பளபள வார்னிஷைத் தொட்டு அவரே அந்தக் கண்ணாடிகளுக்கு மட்டும் வைத்தார். கையெழுத்துப் போடுவதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி. நான் நன்றி சொல்லவில்லை. துருவை அழித்தவரிடம் என்ன நன்றி?

வெள்ளிக்கிழமை முழுக்க மறுபடி துரு, மறுபடி நிழல், மறுபடி மணல். இந்த முறை பொடிக்கு மேல் எதையும் அடிக்கவில்லை. டர்பன்டைனைச் சொட்டவிட்டு ஊறவைத்து அப்படியே காயவிட்டேன். பெட்டியை மடியில் வைத்தபடி ராத்திரி முழுவதும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

சென்னையில் மேசைமேல் டாங்கியை வைத்துவிட்டு, பெயர்ச் சீட்டு எழுதத் திரும்பினேன். நடுவர் பேட்ஜ் குத்திய ஒருவர் வந்து குனிந்தார். பேட்ஜில் இருந்த பெயரைப் பார்த்தேன். 'அழகான பொம்மை' என்று எழுதியவரேதான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், முகம் சுளித்தார்.

"வரும் வழியில இவ்வளவு தூசி விழுந்திருக்கு பாருங்க, மூடிக் கொண்டுவரக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, வாயைக் குவித்து ஊதப் போனார்.

"சார், ஊதாதீக!" மண்டபமே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "அம்புட்டும் நான் வச்சது!"