ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

முன்னறையில் நால்வர் இருந்தார்கள். அடுப்பை ஒட்டிய பெரிய நாற்காலியில் தேவாலயச் சபையின் மூப்பர் க்ரைன். கதவோரம், தொப்பியை மடியில் வைத்தபடி இன்னொரு மூப்பர் டிர்க். அவர் அதிகம் பேசுகிறவரல்ல. காபிக் கூஜா பக்கத்தில் நேல்ச்சா. மேசைக்கு எதிர்ப்புறம் அவள் கணவன் லேன்டர்ட். கைக்குழந்தை உள்ளே தூங்கியது.

மேசைமேல் கால்பந்துச் சங்கத்தின் கடிதம் கிடந்தது. தேசிய அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனாக லேன்டர்டை அழைத்திருந்தார்கள். அந்த மீன்பிடி ஊரில் வேறு எவனுக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்ததில்லை. ஆனால் பெல்ஜியத்துடனான ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அவன் ஊரோ ஞாயிறைக் கர்த்தரின் ஓய்வுநாளாக வைத்து, சனிக்கிழமை மட்டும் பந்தைத் தொடும் ஊர். பதில் அன்றைய தபாலில் போயாக வேண்டும்.

"ஓய்வுநாள்ல காசுக்கு ஆடப் போறியா லேன்டர்ட்?" என்றார் க்ரைன்.

"காசு யாரு தர்றா மூப்பரே? ரயில் டிக்கெட் மட்டும்தான்."

"அப்ப நரகத்துக்கு ஓசியிலயே போறேங்கிற."

டிர்க் இருமினார்.

மைதானத்தில் லேன்டர்ட் பந்தைப் பார்க்க மாட்டான். எதிராளியின் இடுப்பைப் பார்ப்பான். அவசரப்பட்டுக் காலை நீட்ட மாட்டான். இங்கேயும் க்ரைனின் அடுத்த அசைவுக்குக் காத்திருந்தான்.

"நீ போனா திருவிருந்துல உனக்கு இடமில்லை. பிள்ளையோட ஞானஸ்நானமும் தள்ளிப்போகும்."

அது சுருக்கென்று தைத்தது. வர இயலாது என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தான். க்ரைன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"உன் வீட்டுக்காரியே நேத்து எங்ககிட்ட ஒத்துக்கிட்டா, நீ போகக் கூடாதுன்னு."

நேல்ச்சா கூஜாவைக் கீழே வைத்தாள். "நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"கேட்டப்ப தலையாட்டினியே!"

"இன்னொரு கப் காபி வேணும்னீங்க. அதுக்குத் தலையாட்டினேன்."

டிர்க் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்தார். தோள்கள் குலுங்கின. க்ரைன் எழுந்தார். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உன் இடத்தைப் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். டிர்க் பின்னாலேயே போனார்.

லேன்டர்ட் பேனாவை எடுத்தான். "போறேன். அந்தாளுக்குக் காட்டுறேன்."

நேல்ச்சா காகிதத்தின்மேல் கையை வைத்தாள். "அவருக்குக் காட்டப் போறதா இருந்தா போகாதே. ஞானஸ்நானம் தள்ளிப்போறது எனக்கு விளையாட்டு இல்ல. உனக்கு ஆடணுமா? அதை மட்டும் சொல்லு."

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"ஆடணும். பயமாவும் இருக்கு."

"யாருக்குப் பயப்படுற? கர்த்தருக்கா, பெல்ஜியத்துக்கா?"

"இப்போதைக்கு உனக்கு."

அவள் சிரிக்கவில்லை. "நான் சர்ச்சுக்குப் போவேன். கேக்குறவங்ககிட்ட உனக்குக் காய்ச்சல்னு சொல்ல மாட்டேன். ஆடப் போயிருக்கான்னுதான் சொல்வேன்."

"ஊரே திரும்பிப் பார்க்கும்."

"பார்க்கட்டும். அது என் பாடு. நீ எழுது."

'அழைப்புக்கு நன்றி. ஞாயிறு வந்துவிடுவேன்' என்று எழுதினான். கையெழுத்து கோணிக்கொண்டு போனது. அவள் ஒருமுறை படித்துப் பார்த்து, மடித்து உறையிலிட்டு, பசையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள்.

தபால்பெட்டி க்ரைன் வீட்டுக்கு நேர் எதிரே. சன்னல் திரை விலகியிருந்தது. லேன்டர்ட் அந்தப் பக்கம் திரும்பாமல் உறையைப் பெட்டியின் வாயில் வைத்து, உள்ளே விழும்வரை தள்ளினான்.