பாலம் கடந்து குடித்த கஞ்சி

பஞ்சாங்கத்தை நம்பிக் கெட்டவர்கள் ஊரில் பலர். அந்த ஆடி மாதம் அவர்களோடு வதனியும் சேர்ந்தாள்.

அமாவாசை என்றைக்கு, சஷ்டி என்றைக்கு, ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று ஒரு வருடத்துக்கு முன்பே அச்சடித்துச் சுவரில் தொங்கவிடுகிற வீட்டில் பிறந்தவள் அவள். ஒரு மாதம் தான் பிறப்பதா வேண்டாமா என்று கடைசி மாலைவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நோன்பு வெள்ளிக்கிழமை தொடங்கும் என்றது கலண்டர். அதை வேதவாக்காக எடுத்து, வியாழக்கிழமை காலைக்குத் தன் நடையை வைத்தாள். புதன்கிழமை பொழுதுபட ஓட்டமாவடியில் பிறை கண்டுவிட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி தண்ணீரைத் தாண்டி வாழைச்சேனைக்கு வந்து, இடியப்ப மா பிசைந்துகொண்டிருந்தவளின் காதில் அதைச் சொன்னது. பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

நடை என்று சொன்னது காலாற நடப்பதை அல்ல. கல்குடாவில் விடுதி வைத்திருந்த ஜெயராஜாவுக்கு யுத்தம் முடிந்த அடுத்த வருடம் கொழும்பிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் கடலில் குளித்துவிட்டு, கொழும்பிலும் கிடைக்கிற அதே பொரித்த சோற்றைத் தின்றுவிட்டுப் போனார்கள். வதனிதான் ஒருநாள் வாய் திறந்தாள். வாழைச்சேனைச் சந்தையில் தொடங்கி, பாலம் கடந்து, ஓட்டமாவடிக் கடைத்தெரு முடியும்வரை அவர்களை நடத்திக் கூட்டிப்போய், இடத்துக்கு ஒரு தீனியாக வாங்கிக் கொடுத்து, அது எங்கே விளைந்தது, யார் சமைத்தது என்று கதையும் சொல்கிறேன் என்றாள். "ஒரு தரம் செய்து காட்டு. வந்த ஆக்கள் மெச்சினா கிழமைக்குக் கிழமை நீதான்" என்றார் ஜெயராஜா.

அவர்கள் மெச்சாவிட்டால் குவைத். அதுதான் வதனியின் தலைக்கு மேல் தொங்கியது. கல்குடாக் கரையில் புருசனோடு சேர்ந்து அவள் நடத்திய சாப்பாட்டுக் கொட்டிலைக் கடல் கொண்டுபோனது, புருசனையும் கொண்டுபோனது. அதன்பிறகு கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து மகள் தனுஷாவை ஒன்பது வயதுவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இனி இழுக்க முடியவில்லை. வீட்டுவேலைக்கு ஆள் அனுப்புகிற கனகசிங்கம் வெள்ளிக்கிழமை காலை முடிவு கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். போனால் இரண்டு வருடம். பிள்ளை சித்தாண்டியில் பெரியம்மா வீட்டில். அங்கே சோற்றுக்குக் குறைவில்லை, அம்மாதான் இருக்கமாட்டாள்.

விடிந்ததும் ஓட்டமாவடிக்கு ஓடினாள். தேநீர்க் கடைகள் எல்லாம் பூட்டு. சமோசாக்காரர் இல்லை, தொதல்காரர் இல்லை. வெண்ணெய் திரண்டுவரும் நேரத்தில் தாழி உடைந்துபோயிற்று. நடையின் கடைசி வீடான ஆமினா உம்மாவின் வாசலில் போய் நின்றபோது அவளுக்கு அழுகை முட்டியது.

ஆமினா உம்மா கடல் வந்த கிழமையில் அகதி முகாமுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த மனுசி. அந்தப் பழக்கம் அறுந்துபோகவில்லை.

"பிறை கண்டதுக்கு நீ ஏன் புள்ள அழுவுற?" என்றார் அவர். "காலையில வந்தாத்தானே கடை பூட்டு? நோம்பு துறக்கிற நேரம் கூட்டிட்டு வாவன். எங்கட முத்தத்துல எல்லாரும் ஒண்டா இருந்து கஞ்சி குடிப்பம்."

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் பொழுதுபட்ட பிறகு அந்தப் பாலத்தை வாழைச்சேனைத் தமிழரும் கடப்பதில்லை, ஓட்டமாவடி முஸ்லிம்களும் கடப்பதில்லை. யார் போட்ட சட்டமும் அல்ல. இருபது வருடத்துக்கு முன் இரண்டு பக்கத்திலும் விழுந்த சாவுகள் போட்ட சட்டம். பகலில் மீன் வாங்குவார்கள், நெல் விற்பார்கள், பகிடிகூட விடுவார்கள். விளக்கு வைத்தால் அவரவர் கரை.

"பொழுதுபட்டதுக்குப் பொறகு பாலத்துக்கு அங்காலயா?" என்று ஜெயராஜா பாய்ந்தார். "என்ன கா வதனி, வெயில் தலைக்கேறிட்டா? ஆக்கள் நாளைக்கு விடிய வெள்ளாப்பில கொழும்புக்குப் போறாங்க. ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா என்ட விடுதிய இழுத்து மூட வேண்டியதுதான்."

"நான் முன்னால போறன் அண்ணன். என்ட புள்ளையையும் கூட்டிட்டுத்தான் போறன்."

பிள்ளையையும் என்றதும் அவர் இறங்கிவந்தார். பின்னேரம் நாலு மணிக்குச் சந்தையடியில் ஆட்களை இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

மதியம் தாண்டியதும் வதனி ஆமினா உம்மாவின் குசினியில் நின்றாள். பெரிய பானையில் கஞ்சி கொதித்தது. அரிசி, உள்ளி, வெந்தயம், தேங்காய்ப்பால். வருகிறவர்களில் மாடு தின்னாத இந்துக்கள் இருப்பார்கள் என்று மாட்டிறைச்சியை விட்டுக் கோழி போட்டிருந்தார் உம்மா. நோன்போடு சமைக்கிறவர் உப்புப் பார்க்க நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்பார்கள் சிலர். முதல் நோன்பில் ஆமினா உம்மா அதற்கும் ஒப்பவில்லை.

"உப்புப் பாரு புள்ள" என்று அகப்பையை நீட்டினார்.

விடியலுக்கு முன்பிருந்து பச்சைத் தண்ணீரும் படாத வாய்க்கு முன்னால் நின்று எப்படி அகப்பையை நக்குவது? வதனிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கோயில் பொங்கலை யாரும் ருசி பார்ப்பதில்லை. பதத்தையும் மணத்தையும் வைத்தே இறக்குவார்கள். அந்தப் பழக்கத்தில் ஆவியை மோந்து பார்த்துவிட்டு, "அந்த மாதிரி நல்லா இரிக்கு உம்மா" என்றாள்.

நாலு மணிக்குச் சந்தையடியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி முன்னால் வந்தவர் நல்லரத்தினம், இளைப்பாறிய தபாலதிபர். எதிலும் குறை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்த முகம். அவித்த மரவள்ளிக்கிழங்கைச் செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு தின்றுவிட்டு உறைப்புக் கூட என்றார். எருமைத் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது என்றாள் வதனி. அவர் நம்பாமல் கவிழ்த்துப் பார்த்தார். விழவில்லை. அதற்கும் ஏதோ முணுமுணுத்தார்.

பொழுது சாயும்போது பாலத்தடிக்கு வந்தார்கள். வதனி நின்றாள். "சின்ன வயசில இருந்து இந்த நேரத்தில நான் இத கடந்ததில்ல" என்று வந்தவர்களிடம் உள்ளதைச் சொன்னாள். தனுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதிப் பாலத்தில், வீட்டுக்குத் திரும்பப் பின்னால் சைக்கிளில் வந்த தொப்பிக்காரர் ஒருவர் பிரேக் பிடித்து, "கெதியா நடங்க கா, பாங்கு சொல்லப்போறாங்க" என்றுவிட்டுப் போனார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஆமினா உம்மாவின் முற்றம் நிறையப் பாய் விரித்திருந்தது. அக்கம்பக்கத்தார் ஒரு பக்கம், வந்தவர்கள் ஒரு பக்கம். பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் குடித்து, எல்லோரும் கஞ்சிக் கோப்பையைத் தூக்கினார்கள்.

அயலார் கோப்பைக்குள் பார்த்தபடி மெல்ல மெல்ல விழுங்கினார்கள். ஆமினா உம்மா ஒரு மிடறு குடித்தார். கண் வதனியிடம் போயிற்று. வதனியும் ஒரு வாய் குடித்தாள்.

நல்லரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். "கஞ்சியில உப்பே இல்லை."

"நீ சொன்னாப் போடுவம் எண்டு இருந்தன் புள்ள" என்றார் உம்மா. "ருசி பார்த்தியா, இல்லியா?"

"உம்மா போட்டிருப்பீங்க எண்டு... நோம்போட நிக்கிற ஆளுக்கு முன்னால நான் எப்பிடிக் குடிக்கிற?" என்றாள் வதனி. குவைத்துக்கு விமானம் ஏறிவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

ஆமினா உம்மா வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். "மரியாத பார்த்து மரியாத பார்த்து உப்ப உட்டுட்டமே!" என்றார். அயலார், அவரை முந்தக்கூடாதென்று அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. முற்றம் முழுக்கச் சிரித்தது. கொழும்புக்காரரும் சிரித்தார்கள்.

வதனி குசினிக்கு ஓடி உப்புப் பேணியை எடுத்துவந்தாள். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் தெரிந்த சங்கதி. அதனால் குனிந்து, பாயில் வைத்துத் தள்ளப்போனாள்.

"பட்ட சண்ட போதும் புள்ள" என்றார் ஆமினா உம்மா. "கையிலயே தா."

தந்தாள். உம்மா வாங்கித் தன் கோப்பைக்குப் போட்டு, பக்கத்தில் இருந்த நல்லரத்தினத்தின் கையில் கொடுத்தார். அவர் ஒரு கணம் தயங்கி, வாங்கி, அடுத்தவர் கையில் கொடுத்தார். பேணி கைக்குக் கை முற்றத்தைச் சுற்றியது. வதனிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

ஜெயராஜா வானோடு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. படலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். "எப்பிடி ஐயா, பிடிச்சுதா?"

"உறைப்புக் கூட. கஞ்சிக்கு உப்பில்லை" என்றார் நல்லரத்தினம். கஞ்சிக்குப் பிறகு உம்மா கொடுத்த இனிப்பான வட்டிலப்பத்தை வழித்துத் தின்றுகொண்டே தொடர்ந்தார். "அடுத்த மாதம் என்ர தங்கச்சி குடும்பம் வருது. இவதான் கூட்டிக்கொண்டு போகவேணும், இந்த நேரத்தில, இந்த வீட்டுக்கு. நீர் ஏன் வெளியில நிக்கிறீர்? வந்து இரும்."

ஜெயராஜா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கோப்பையை வாங்கிக்கொண்டு, "அடுத்த வியாழனுக்கும் ஆக்கள் இரிக்காங்க, வதனி" என்றார்.

"அப்ப நாளைக்கே வந்து ஒழுங்கு பண்ணுவம்" என்றார் உம்மா. "வருவியா புள்ள?"

"வாறன் உம்மா. நான் ஒரு இடமும் போகல்ல."

வட்டிலப்பக் கரண்டியோடு இருந்த தனுஷா நிமிர்ந்தாள். அந்தப் பிள்ளை இத்தனை நாளும் குவைத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"மெய்யாத்தானாம்மா?"

"ஓம் மகள்" என்றாள் வதனி. தனுஷா கரண்டியைப் போட்டுவிட்டு, இருந்தவர்களையெல்லாம் தாண்டி வந்து அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள்.