புள்ளிக்குத் திரும்பிய மான்

தங்கக் காசிலிருந்த மானுக்கு, காசு வெளிவந்த ஒன்பதாம் வருடத்தில் புள்ளி முளைத்தது. வெங்காய விலை இறங்கிய அதே வாரம். முதலில் பார்த்தவன், பேருந்து நிலையத்துக்கு எதிரே பழங்காசுக் கடை வைத்திருந்த உளியம்மாவின் கொழுந்தன். தங்கத்தில் செம்புப் புள்ளி வருவது ஒன்றும் அதிசயமில்லை. காசு உறுதியாக இருக்கச் சேர்க்கிற செம்பு சரியாகக் கலக்காமல் ஒரு துணுக்கு மேலே தங்கிவிட்டால், வருடக்கணக்கில் காற்றுப் பட்டுச் சிவந்து, ஒருநாள் துருப் பிடித்த மாதிரி தெரியும். சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள், விலை இறங்கும். ஆனால் அந்தப் புள்ளிகள் கண்ட இடத்தில் வரும். இவையோ மானின் உடம்பை விட்டு இம்மியும் வெளியே போகவில்லை. புல்லில் இல்லை, வானத்தில் இல்லை, ஓரத்து எழுத்தில் இல்லை. கடையிலிருந்த அத்தனை மான் காசிலும் அதே விலா, அதே தொடை, அதே வரிசை. கொழுந்தன் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அண்ணி வீட்டுக்கு ஓடினான்.

"அண்ணி, உங்க மானுக்கு அம்மை போட்டிருக்கு!"

உளியம்மா லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். நாணயச்சாலையில் அச்சு செதுக்குகிற வேலை அவளுக்கு. உளியம்மா என்பது அங்கே வைத்த பெயர். உளி கையில் இருக்கிறதா நாக்கில் இருக்கிறதா என்று கூட வேலை செய்தவர்களுக்குக் கடைசிவரை சந்தேகம். பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்தது.

"அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. இது நான் வச்ச புள்ளி."

அவள் சொன்னது உண்மை. அந்த மானை அவள் முதலில் புள்ளிமானாகத்தான் செய்திருந்தாள். மாதிரியைப் பார்க்க வந்த நாணயச்சாலைத் தலைவர், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, புள்ளி அழுக்கு மாதிரி தெரிகிறது, வழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். உளியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மாதிரியிலிருந்த புள்ளிகளை ஒவ்வொரு குழியாகச் சுண்ண மாவு வைத்து அடைத்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமால் டமாலென்று வைத்தாள். தையற்காரரான வீட்டுக்காரர், பேச்சுக் கொடுத்தால் வம்பு என்று அன்றைக்கு ஒரே சட்டைக்கு இரண்டு தடவை பட்டன் தைத்தார். காசு வெளிவந்து நல்ல பேர் வாங்கியது. மானைப் பார்த்த எல்லோரும் ஆகா என்றார்கள். அவளுக்கு மட்டும் அது சட்டையைக் கழற்றி நிறுத்திய பிள்ளை மாதிரியே தெரிந்தது.

புள்ளி முளைத்த சேதி பரவியதும் மான் காசின் விலை மளமளவென்று சரிந்தது. வாங்கியவர்கள் நாணயச்சாலை வாசலில் வந்து கத்தினார்கள். கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தலைவர் ஒரே நாளில் முடிவெடுத்தார்: எல்லாக் காசையும் திரும்ப வாங்கி அமிலத்தில் முக்கிப் புள்ளியைப் போக்குவது, போகாததை உருக்கிவிடுவது. உளியம்மா நேராக அவர் அறைக்குள் போய் நின்றாள். என் மானைத் தொடாதீர்கள் என்றாள். முக்கினால் தங்கத்தின் மேல்தோல் போய்விடும், அப்புறம் விவரம் தெரிந்த எவனும் சீந்தமாட்டான் என்றாள். தலைவர் சிரித்தார்.

"உங்க மானா? இது நாணயச்சாலை மான்மா."

உளியம்மா கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். இத்தனை வருடத்தில் தங்கத்தில் அவள் செய்த ஒரே காசு அது. மற்றதெல்லாம் சில்லறைக் காசு, பதக்கம், பித்தளை வில்லை. அதைத் தன்னுடையது என்று சொல்லக்கூட வாய் இல்லையா என்று வீட்டுக்கு வந்து குமுறிக் குமுறி அழுதாள்.

காசுகளை முக்கினார்கள். புள்ளி போனது. மறுநாள் காலையில் தட்டுகளைத் திறந்தபோது மானும் போயிருந்தது. புல் இருந்தது, வானம் இருந்தது, எழுத்து இருந்தது. நடுவில் வழவழவென்று வெறும் தங்கம். காவலாளியைக் கேட்டார்கள், கழுவியவர்களைக் கேட்டார்கள், யாரும் எதையும் பார்க்கவில்லை. போகட்டும், பழைய அச்சிலேயே மறுபடி அடிக்கலாம் என்று பெட்டகத்தைத் திறந்தால், அச்சிலும் மான் இல்லை. அங்கேயும் புல் மட்டும்தான், கொஞ்சம் மிதிபட்ட மாதிரி.

தலைவர் உளியம்மா வீட்டுக்கே வந்தார். துணிக் குவியலை நகர்த்தி வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். மறுபடி ஒரு மான் செதுக்கித் தர வேண்டும் என்று தலைவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். உளியம்மா அவரை நன்றாக உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, பிறகு முடியாது என்றாள். அது கோபித்துக்கொண்டு போன மான், இன்னொன்றைச் செய்து அதன் இடத்தில் நிறுத்தமாட்டேன் என்றாள். வேண்டுமானால் புள்ளி மட்டும் செதுக்குகிறேன் என்றாள். வேறு வழி இல்லாமல் தலைவர் தலையாட்டினார்.

அப்படியே செதுக்கினாள். வெறும் புள்ளிகள், மான் இல்லை. இயந்திரத்தில் காசுகளை வைத்து அச்சை இறக்கியபோது தலைவர் பக்கத்திலேயே நின்றார். வெறும் தங்கத்தில் செம்பு நிறமாகப் புள்ளிகள் விழுந்தன, அவ்வளவுதான்.

"மான் எங்கம்மா?"

"முதல்ல அதுக்குச் சேர வேண்டியதக் குடுத்தாச்சு. வர்றதும் வராததும் அது இஷ்டம். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

மதியம் முதல் காசில் ஒரு குளம்பு புல்மேல் ஊன்றியது. பிறகு காது. தேநீர் மணி அடிப்பதற்குள் எல்லாக் காசிலும் மான்கள் வந்து அதனதன் புள்ளிக்குள் நின்றுகொண்டன. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வந்துடுச்சும்மா உங்க மான்."

"என்ன சொன்னீங்க?"

"உங்க மான் வந்துடுச்சுன்னு சொன்னேன்மா."

இயந்திரச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவையும் சொல்லவைத்தாள். இயந்திரம் நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

அதன்பிறகு விலை ஏறியதைக் கேட்கவே வேண்டாம். புள்ளி இருந்தால்தான் மான் காசு என்றாகிவிட்டது. சில கடைக்காரர்கள் குதிரைக் காசுக்கும் புள்ளி வைத்து விற்கப் பார்த்து வசமாக மாட்டிக்கொண்டார்கள். உளியம்மா ஓய்வு பெற்றாள், தலைமுடி நரைத்தது, நாக்கு நரைக்கவில்லை. சாயங்காலங்களில் கொழுந்தன் கடைக்கு ஒரு நடை போய் வருவாள். ஒருநாள் அவள் படியேறும்போது வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் தட்டின்மேல் குனிந்து மான் காசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிலிருந்த மான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையை உயர்த்தி வாசல் பக்கம் திரும்பின. அவர் பதறிப்போய்க் கொழுந்தனைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார், அவங்கம்மா வந்திருக்காங்க."

சேகரிப்பாளர் சரி என்று எழுந்து, மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.