தாரைத் தொடாத வண்டி

வெர்னா டாக்கெட்டின் மோட்டார் சைக்கிள் தார் ரோட்டில் ஏறியதும் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்துவிடும். மண்ணில் ஓடும்போது மற்ற வண்டிகளைப் போலத்தான் புழுதி கிளப்பியது, பள்ளத்தில் குதித்தது, செயினுக்கு எண்ணெய் கேட்டது. மண் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் மட்டும் செருப்பில் சேறு படாமல் தாண்டுகிறவரைப் போலத் தன்னைத் தூக்கிக்கொள்ளும். அரிசோனாவின் மெஸ்கல் வெல்ஸ் ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. காட்டுப் பாதைக்கென்றே செய்த வண்டி. விளக்கு, கண்ணாடி, நம்பர் பிளேட் எதுவும் கிடையாது. தார் தன் இடமில்லை என்று அதற்கே தெரிந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

ஐம்பத்து நான்கு வயதான வெர்னா பதினொரு பண்ணைகளுக்குத் தண்ணீர் பம்பு பழுது பார்ப்பவள். ஜூன் வெயிலில் ஒரு பம்பு நின்றால் இரண்டாம் நாள் மாடு விழும். இருபது ஆண்டுகளில் அவள் பொறுப்பிலிருந்த பம்பு எதுவும் ஒரு பகலுக்கு மேல் நின்றதில்லை. பெரிய வண்டி புதைந்துபோகும் மணலோடைகளில் இந்த வண்டிதான் போகும். ஓர் ஆகஸ்ட் வெள்ளம் பழைய மண்பாதையை அடித்துக்கொண்டு போனபிறகு, பண்ணைகளுக்குப் போக நெடுஞ்சாலையில் ஏழு மைல் ஓட்டியே ஆகவேண்டும் என்றானது. அந்த ஏழு மைலில் போலீஸ்காரர் ரே எஸ்கலான்டே அவளை இரண்டு முறை நிறுத்தினார்.

"நான் ரோட்டுல போகலியே தம்பி, ரோட்டுக்கு மேலல்ல போறேன்" என்றாள் வெர்னா.

ரே குனிந்து டயருக்கும் தாருக்கும் நடுவே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். "அப்படின்னா விமானத்துறைக்குத்தான் எழுதிப் போடணும்க்கா. அவங்க இன்னும் மோசம். மூணாவது தடவை பார்த்தா வண்டிய எடுத்துட்டுப் போயிடுவேன். பேசாம நம்பர் வாங்கிடுங்க."

குளிர்காலம் முழுக்க வெர்னா அந்த வண்டியைச் சாலைக்குரியதாக மாற்றினாள். எஞ்சினில் பிறக்கும் மின்சாரம் முகப்பு விளக்குக்குப் போதாது என்று கண்டு, காயிலைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றினாள். சின்ன பேட்டரி ஒன்றை இருக்கைக்கு அடியில் நுழைத்தாள். பின்விளக்கு, இரண்டு பக்கமும் கண்ணாடி, நம்பர் பிளேட்டுக்குத் தனி விளக்கு. பிரேக் பிடித்தால் பின்விளக்கு எரிவதற்கு எல்லோரும் கால் பிரேக்குக்கு மட்டும் சுவிட்ச் வைத்துவிட்டு, நம்பர் கொடுக்குமுன் நடக்கும் சோதனையில் தோற்றுத் திரும்பி வருவார்கள். அவள் கை பிரேக்குக்கும் வைத்தாள். சாலைக்கான முத்திரை குத்திய டயர் போட்டால் வண்டி இறங்கும் என்று எதிர்பார்த்தாள். இறங்கவில்லை. ஹாரன் மட்டும் பாக்கியிருந்தது. ஒரு பண்ணையில் துருப்பிடித்துக் கிடந்த வைக்கோல் லாரியிலிருந்து நல்ல சத்தமான ஒன்றைக் கழற்றி மாட்டினாள். அந்தப் பக்கத்து மாடுகளைத் தீவனத்துக்கு லாரி ஹாரன் அடித்துத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கே தெரிந்தது அவளுக்கும் தெரியும். அவசரத்தில் தோன்றவில்லை.

சோதனை அதிகாரி ஹார்லன் பீச்சம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மே கடைசியில் வந்தார். அன்று தவறினால் அந்தக் கோடை முழுவதும் வண்டி கொட்டகையில்தான். வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு முன்னாலிருந்த தார்த் திடலில் விளக்கு, கண்ணாடி, இரண்டு பிரேக்குகள் எல்லாவற்றுக்கும் குறி போட்டார். பிறகு கையிலிருந்த செய்தித்தாளை மடித்து முன் டயருக்கு அடியில் விட்டார். அது அந்தப் பக்கம் வந்தது.

"தொடலையேம்மா."

"பிரேக் பிடிச்சா நிக்குதா, இல்லையா?"

"நிக்குது. ஆனா ஃபாரத்துல டயர் தரையத் தொடுதான்னு ஒரு கட்டம் இருக்கு. பதினெட்டு வருஷமா நான் அதுல பொய் எழுதினதில்ல." பேனாவை மூடினார். பிறகு ஃபாரத்தின் வரிசையில் எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று, "ஹாரன அடிங்க, அதையும் பார்த்துடுவோம்" என்றார்.

வெர்னா ஒருமுறை அடித்தாள். பத்து நிமிடத்தில் முதல் நாற்பது மாடுகள் வந்தன. பிறகு பதினொரு பண்ணைகளின் முத்திரையும் கொண்ட முந்நூற்றுப் பன்னிரண்டு மாடுகள், இருபத்தாறு மைலுக்கு அப்பாலிருந்த நொண்டிப் பசு உட்பட, திடலை நிறைத்தன. எல்லாம் தண்ணீர்த் தொட்டியருகே நின்றவை. அவள் ஓடவைத்த பம்புகளின் தண்ணீரில் குழைந்த சேறு குளம்புகளில் அப்பியிருந்தது. வைக்கோல் எங்கே என்று திடலைச் சுற்றிச் சுற்றி மிதித்தன, வெர்னாவின் சட்டையை முகர்ந்தன, ஏமாந்து திரும்பின. திடலில் நான்கு விரற்கடைக்குச் சேறு நின்றது.

ஹார்லன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிச் செய்தித்தாளைத் திரும்ப விட்டார். அது போகவில்லை. மறுபக்கம் போய் பின் டயரிலும் விட்டுப் பார்த்தார்.

"தொடுது" என்றார். எழுதினார். "இதையெல்லாம் யாரும்மா கழுவறது?"

அவளே கழுவினாள், பம்பு கொண்டுவந்து.

வண்டி இன்றும் அந்த ஏழு மைலை நான்கு விரற்கடை உயரத்தில்தான் கடக்கிறது. ரே எஸ்கலான்டே நம்பரைப் பார்க்கிறார், வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குகிறார். ஹாரனை அவள் மாற்றவில்லை, அடிப்பதுமில்லை. கம்பிவேலிக்கு அப்பால் மாடுகள் தலை நிமிர்ந்து, வண்டி மண்ணில் இறங்கும் இடம்வரை கூடவே நடந்து வருகின்றன.