மயிலையின் விலாவில் ஒரு மூடி

மாட்டு மூத்திரம் பிடிக்க ஆள் வேண்டும் என்று ராஜாம்பாள் வந்து சொன்னபோது, அமிர்தம் அதை விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தாள்.

"எந்தக் கோயிலுக்கும்மா கோமியம்?"

"கோயிலுக்கும் இல்ல, புது வூடு குடி போறதுக்கும் இல்ல. மாட்டு டாக்டருக்குப் பெரிய படிப்பு படிக்கிற புள்ள ஒண்ணு வந்திருக்குது. நம்ம கொட்டாயில நாலு காளையக் கட்டி வெச்சி, தீனி போட்டு, அதுங்க பேயுறத சிந்தாம சிதறாம புடிக்கணுமாம். மூணு என்னுது. நாலாவதுக்கு உன் மயிலைய வுடுறியா? தீனி அவங்க பொறுப்பு."

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை எழும்புகிற இடத்தில் ராஜாம்பாளுக்குக் கரும்புக்காடும் ஒரு நீளத் தகரக் கொட்டகையும் உண்டு. அமிர்தம் அங்கே கூலிக்குப் போகிறவள். மயிலை அவளுடைய காளை. கன்றாக இருந்தபோதே தாய் செத்துப்போய், அவள் கையால் கஞ்சி குடித்து வளர்ந்தது. சாம்பல் பூத்த வெள்ளை உடம்பு, கழுத்தில் மட்டும் கொஞ்சம் கருமை. டிராக்டர் உழுகிற ஊரில் காளைக்கு என்ன வேலை இருக்கிறது? சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்று அவள் புருஷன் ராசு ஒவ்வொரு மாதமும் சொல்வான். சந்தைக்குப் போகிற காளை எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியும். இவள் ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இப்போது மூத்திரமே ஒரு சாக்காக வந்து வாசலில் நிற்கிறது. விடுவாளா?

"சரிம்மா, கட்டிக்கிங்க" என்றாள்.

வந்த பிள்ளையின் பெயர் சிவசங்கர். தியாகதுருகம் பக்கத்துப் பையன்தான். ஒல்லியாக, எந்நேரமும் எதையோ மறந்துவிட்டவன் மாதிரி சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான். காளைகளின் வயிற்றுக்கு அடியில் ரப்பர் புனல் ஒன்றை வாரால் கட்டி, அதிலிருந்து குழாயை இழுத்துக் கேனுக்குள் விட்டான். கேனில் முன்கூட்டியே கொஞ்சம் ஆசிட் ஊற்றி வைத்தான், மூத்திரம் கெடாமல் இருக்க. புனல் நழுவினால் இழுத்துக் கட்டுவதும் குழாயை மாடு மிதிக்காமல் பார்ப்பதும் அமிர்தத்தின் வேலை. மயிலைக்கு அந்தப் புனல் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கட்டியதும் பின்னங்கால்களை அகட்டிக்கொண்டு, புதுச்செருப்புப் போட்ட மாப்பிள்ளை மாதிரி நடந்தது.

"இது இன்னாத்துக்கு சார்?" என்று அமிர்தம் ஒருநாள் கேட்டாள்.

அவன் உற்சாகமாகிவிட்டான். அவனிடம் இதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"மாடு வைக்கோல் திங்குதில்லக்கா? நெஜத்துல அத மாடு சாப்பிடல. வயித்துல இருக்குற கிருமிங்கதான் சாப்பிடுது. அதுங்க தின்னு, பெருகி, அடுத்த வயித்துக்குப் போவுது. அங்க மாடு அந்தக் கிருமியச் சாப்பிடுது. ஒடம்புல சதை புடிக்கிறது அதாலதான்."

"அப்ப மாடு கவிச்சி துன்னுதா?"

"அப்படியும் சொல்லலாம்."

"அய்ய, புரட்டாசி சனிக்கிழமையில பேசுற பேச்சப் பாரு" என்றாள் அந்தப் பக்கம் சாணி அள்ளிக்கொண்டிருந்த ராஜாம்பாள். "பசு மாட்டப் போயி கறி துன்னுதுன்னுக்கினு."

"இது காளைதானம்மா" என்றான் சிவசங்கர்.

"காளைக்கி மட்டும் புரட்டாசி கெடையாதா?"

அவன் சிரித்துவிட்டு மறுபடி அமிர்தத்திடம் வந்தான். "கிருமி செரிச்சதும் அதோட மிச்சம் மூத்திரத்துல வரும். அத அளந்தா, வயித்துக்குள்ள எவ்ளோ கிருமிப் புரதம் உண்டாச்சின்னு ஒரு மதிப்புக்கு வரலாம். கல்யாண வூட்டுக்குப் பின்னால எச்சில் எலைய எண்ணுனா எத்தினி பேர் சாப்ட்டாங்கன்னு தெரிஞ்சிடுமில்ல? அந்த மாதிரி."

எச்சில் இலை அமிர்தத்துக்குப் புரிந்தது. அதற்கு மேல் குழம்பிவிட்டது. விருந்துக்கு வந்தது கிருமி. விருந்தைத் தின்றதும் கிருமி. கடைசியில் விருந்தாளியைத் தின்றது மாடு. அந்த மாட்டை எவனோ தின்னப்போகிறான். இதில் கல்யாணம் யாருக்கு? அன்று முழுக்க மயிலையின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம், உள்ளே ஒரு பெரிய கூட்டம் பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோல் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

முதல் சுற்றில் மயிலைக்கு வைக்கோலோடு மக்காச்சோள மாவு கிடைத்தது. தொட்டியை நக்கிப் பளபளப்பாக்கிவிடும். இரண்டாம் சுற்றில் அந்த மாவை நிறுத்தி, ராஜாம்பாளின் செவலைக்குப் போட்டான் சிவசங்கர். மயிலைக்கு யூரியா தெளித்த வைக்கோல் மட்டும்.

அமிர்தத்துக்குச் சுருக்கென்றது. பண்ணைக்காரி மாட்டுக்கு மாவு, கூலிக்காரி மாட்டுக்கு வெறும் வைக்கோலா? கேட்டே விட்டாள்.

"அப்படி இல்லக்கா. எல்லா மாடும் எல்லாத் தீனியும் மாத்தி மாத்தித் திங்கணும். அப்பதான் இது தீனியோட குணமா, மாட்டோட குணமான்னு தெரியும். வேற ஒரு வாய் கூடக் குடுத்துடாதீங்க. எல்லாம் எடை போட்ட தீனி."

அவள் கொடுக்கவில்லை. வரப்பில் அறுத்த புல்லில் ஒரு பிடி போடக்கூடக் கை வரவில்லை அவளுக்கு. சொன்ன சொல் சொன்னதுதான்.

ஆனால் தண்ணீர் காட்டாமல் இருக்க முடியுமா? ராஜாம்பாளின் காளைகள் மூன்றும் சிமெண்டுத் தொட்டியில் முகத்தை விட்டு உறிஞ்சும். மயிலை அந்தத் தொட்டியை முகர்ந்து பார்த்து மூக்கால் ஊதிவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கன்றிலிருந்து அதற்குக் கழனித்தண்ணீர்தான் பழக்கம். ஆகவே காலையில் சிவசங்கர் வருவதற்கு முன்பே, வேலைக்கு வரும்போது வீட்டிலிருந்து ஒரு பக்கெட் கொண்டுவருவாள். சாயங்காலம் சிவசங்கர் டவுன் பஸ் பிடிக்கப் போன பிறகு இன்னொரு பக்கெட். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, மிஞ்சிப்போன பழைய சோறு. எந்த வீட்டிலும் மாட்டுக்கென்று ஒரு பானையில் ஊற்றி வைப்பதுதான். மாவு நின்றதிலிருந்து மயிலை பக்கெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குடித்தது. பாவம், தாகம் என்று நினைத்து அவள் பக்கத்து வீட்டுப் பானைகளையும் கேட்டு வாங்கி வந்தாள். ஊரே பார்க்கத்தான் செய்தாள். அதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில் சிவசங்கர் கரும்புக்காட்டு வரப்பில் ஓடிவந்தான்.

"அக்கா, ரிசல்ட் வந்திடுச்சி! மயிலைக்குத்தான் கிருமிப் புரதம் ஜாஸ்தி. வெறும் வைக்கோல்ல! மாவு தின்ன செவலைக்கே அதவிடக் கம்மி!"

"நல்லதா சார்? கெட்டதா?"

"நடக்கவே நடக்காதது. அதான் புரியல." அவன் குரலைத் தாழ்த்தினான். "மறைக்காம சொல்லுங்க. வேற எதுனா தீனி போட்டீங்களா?"

"எங்க கொலசாமி மேல சத்தியமா ஒரு வாய் போடல சார். தண்ணி காட்டுறதோட சரி."

"அவ சொன்னா சொன்னதுதான்" என்று ராஜாம்பாளும் சாட்சி சொன்னாள். "என் காட்டுல விழுந்து கெடக்குற கதிரக்கூட எடுக்காதவ."

அதன் பிறகு ஊரில் மயிலைக்கு மவுசு ஏறிவிட்டது. சிவசங்கரின் புரபசர் போனில் சொன்னாராம், அந்த மாட்டு வயிற்றில் ஏதோ அபூர்வமான கிருமி இருக்க வேண்டும், காளையையே காலேஜுக்குக் கொண்டுவந்துவிடு என்று. சிவசங்கர் தன் போனில் ஒரு படம் காட்டினான். ஒரு மாடு சாவதானமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. அதன் விலாவில் வட்டமாக, கறுப்பாக, ரப்பர் மூடி ஒன்று. தண்ணீர் டிரம்முக்கு இருக்குமே, அது மாதிரி.

"ஓட்ட போட்டு இந்த மூடிய வெச்சிடுவாங்க. தேவைப்படுறப்ப தொறந்து, கைய வுட்டு உள்ள இருக்கிறத எடுத்துப் பாக்கலாம்."

அமிர்தத்துக்குத் தன் விலாவிலேயே யாரோ கை வைத்ததுபோல் கூசியது. "நோவாதா?"

"மரத்துப்போற ஊசி போட்டுத்தான் பண்ணுவாங்க. அப்புறம் பல வருஷம் நல்லா இருக்கும். நல்ல தீனி. காலேஜ் மாடு."

"கறிக்கிப் போகாதா?"

"அது எதுக்குப் போவுது?"

இரவெல்லாம் அவள் புரண்டாள். ஓட்டை இல்லாமல் சந்தைக்குப் போவதா? ஓட்டையோடு உயிரோடு இருப்பதா? எது இரக்கம், எது பாவம்? ராசுவிடம் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் கூரை ஓடு கழன்றிருக்கும்.

"நம்ம புள்ளைக்கி எடம் கெடைக்காத காலேஜில மாட்டுக்கு சீட்டு கெடச்சிடுச்சி! போவட்டும்டி. சந்தையில அறுபடுறதுக்கு அங்க படிக்கட்டும்."

போகட்டும் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

வண்டி வருவதற்கு முந்தின நாள். அவள் தொட்டியடியில் பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிவசங்கர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேனை மூடிக்கொண்டே புரபசரோடு பேசினான். எல்லாம் அவளுக்குக் கேட்டது.

"எனக்கு இன்னும் சந்தேகம் தீரலப்பா" என்றது போன். "யூரியா வைக்கோலோட மாவுச்சத்து சேந்தாத்தான் கிருமி இப்படிப் பெருகும். சோறு, கஞ்சி மாதிரி ஏதாவது போகுதா பாத்தியா?"

"இல்ல சார். தண்ணி மட்டும்தான். அந்தக்கா பொய் சொல்றவங்க இல்ல."

பக்கெட்டின் அடியில் நாலைந்து சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அமிர்தம் அதைச் சுரண்டப் போன கையை நிறுத்தினாள்.

ஐயோ.

ஓடிப்போய்ச் சொல்லிவிட வாய் எழுந்தது. கால் எழவில்லை. சொன்னால் மயிலை பெருமை இழந்த வெறும் காளை. நாளைக்கே ராசு கயிற்றை எடுத்துவிடுவான். சொல்லாவிட்டால், அதன் வயிற்றைக் கிழித்து மூடி போட்டு, அவர்கள் தேடப்போவது மூன்று வீட்டுக் கஞ்சியை. தேடிப் பார்த்து, அபூர்வம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்? ஓட்டை விழுந்த மாட்டை அப்போதும் வைத்துச் சோறு போடுவார்களா? தன் சத்தியம் பொய்ச் சத்தியமா? அவள் பொய் சொல்லவில்லையே. கழனித்தண்ணீரைத் தீனி என்று இந்த ஊரில் யார் சொல்வார்கள்? அவள் பருக்கைகளைக் கழுவி ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் பக்கெட்டைத் தொடவே பயமாக இருந்தது. வெறும் கையோடு வேலைக்கு வந்தாள்.

வண்டி மத்தியானம்தான் வந்தது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. டிரைவர் பின்கதவை இறக்கிப் பலகை போட்டான்.

"தண்ணி காட்டிடும்மா. ஏத்துனா வழியில எங்கியும் நிறுத்த மாட்டேன்."

மயிலையைத் தொட்டியண்டை இழுத்துப் போனாள். அது முகர்ந்தது, ஊதியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. நேற்றுக் காலைக்குப் பிறகு அது எதுவும் குடிக்கவில்லை. மூக்கு காய்ந்து கிடந்தது. நாக்கை நீட்டி அவள் முழங்கையைத் தேய்த்தது. அரம் மாதிரி இருந்தது நாக்கு.

"ஏன்கா குடிக்க மாட்டேங்குது? ஒடம்பு சரியில்லையா?" என்று சிவசங்கர் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டான். பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். போவதாக இல்லை.

அமிர்தம் மாட்டைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். சரி, தப்பு எல்லாம் யோசிக்க அப்போது அவளால் முடியவில்லை. தாகம் எடுத்த வாய்க்கு எதிரே எத்தனை நேரம்தான் நிற்பது?

பக்கெட்டை வைத்ததும் மயிலை காதுவரை முகத்தை விட்டது. சர்ரென்று உறிஞ்சுகிற சத்தம் கேட்டு டிரைவர்கூடத் திரும்பினான். சிவசங்கர் குனிந்தான். வெள்ளையாக நுரைத்த தண்ணீரில் விரலை விட்டு மோந்து பார்த்தான். விரலில் சோறு ஒட்டியிருந்தது.

"இது இன்னாக்கா?"

"தண்ணி சார். கழனித்தண்ணி. தெனமும் காலையில, சாயங்காலம். நேத்து நீங்க போன்ல பேசுனப்பதான் எனக்கே ஒறச்சிது."

"இதுக்கு ஏன் இந்தப் புள்ள மூஞ்சி இப்படிப் போவுது?" என்று ராஜாம்பாள் அதிசயப்பட்டாள். "கண்ணுக்குட்டியிலருந்து அது கழனித்தண்ணிதானே குடிக்குது. ஊருக்கே தெரியும்."

"எங்கிட்ட ஏன்மா யாரும் சொல்லல?"

"நீ தீனிதானய்யா கேட்ட?"

அவன் மூத்திரக் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாதபடி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அப்புறம் எழுந்து கரும்புக்காட்டுக்குள் போய் நெடுநேரம் போனில் பேசினான். திட்டு வாங்கியிருக்க வேண்டும், காதெல்லாம் சிவந்து வந்தான். டிரைவரிடம் ஏதோ சொன்னான். வண்டி பலகையைத் தூக்கிக்கொண்டு காலியாகத் திரும்பிப் போனது.

"மயிலைக்கி அந்தச் சுத்த மறுபடியும் பண்ணணுமாம்" என்றான். "இந்தத் தடவ பச்சத்தண்ணி மட்டும். எப்படியாவது பழக்குங்கக்கா. என் படிப்பே இதுலதான் நிக்குது."

அதற்குள் சேதி எட்டி, ராசு கயிற்றோடு வந்து சேர்ந்தான். "சீட்டு போச்சாமே? அப்ப வா, வர்ற சந்தைக்கே ஓட்டிடலாம்."

"முடியாது" என்றாள் அமிர்தம். தன் குரல் அத்தனை சத்தமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "சாருக்கு இன்னொரு சுத்து பாக்கி இருக்குது. நடுவுல அவுத்தா கணக்கே கெட்டுடும்."

"ஆமாண்ணே, கெட்டுடும்" என்றான் சிவசங்கர் அவசரமாக.

"சரி, அந்தச் சுத்து முடிஞ்சா?"

அமிர்தம் சிவசங்கரைப் பார்த்தாள். அவன் சட்டைப்பையைத் தட்டிக்கொண்டான். ராசு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டியபடி வந்த வழியே போனான்.

வெயில் சாய்ந்ததும் அவள் மயிலையைத் தொட்டியண்டை கூட்டிப் போனாள். பச்சைத்தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி அதன் வாயருகே நீட்டினாள். அது முகர்ந்தது. இந்தத் தடவை ஊதவில்லை. நாக்கை நீட்டிக் கையை நக்கியது. இன்னொரு கை அள்ளி நீட்டினாள். அதையும் நக்கியது. குடிக்கிறதா, கையின் உப்புக்காக நக்குகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அள்ளிக்கொண்டே இருந்தாள்.